42 நாள்களில் முடிந்துவிடாத மீட்சி: பிரசவத்துக்குப் பின் தாயின் உடலும் மனமும்

திருவனந்தபுரம்: குழந்தை பிறந்த 42-ஆம் நாளில் ஆஷா பணியாளர் எடைக் கருவியுடன் வீட்டுக்கு வருகிறார். மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாள்களில் வீட்டுக்கே சென்று பார்க்க வேண்டும் என்பது 2011-இல் தொடங்கப்பட்ட பச்சிளங்குழந்தை இல்லப் பராமரிப்புத் திட்டத்தின் விதி. ஆறாவது வருகையுடன் அந்தப் பதிவேடு நிறைவடைகிறது. பின்னர் மூன்றாம் மாதத்தில் தொடங்கும் வருகைகள் குழந்தையின் வளர்ச்சியைக் கண்காணிப்பதற்கானவை.

இதே எண் மற்றொரு கணக்கிலும் இடம்பெறுகிறது. கர்ப்பம் முடிவுற்ற 42 நாள்களுக்குள், அதனோடு தொடர்புடைய காரணத்தால் நேரும் இறப்பே ‘பேறுகால இறப்பு’ என உலகெங்கும் கணக்கிடப்படுகிறது. மருத்துவமனைகள் தாயை இறுதிப் பரிசோதனைக்கு அழைப்பதும் பெரும்பாலும் ஆறாவது வாரத்தில்தான். நிர்வாகத்தின் பார்வையில் பிரசவம் அன்றோடு முடிந்துவிடுகிறது. தாயின் உடலில் அது முடிவதில்லை.

பிரசவத்தின்போது தாயின் உயிரைக் காப்பதில் கேரளம் நாட்டிலேயே முன்னிலையில் உள்ளது. 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு நாடு முழுவதும் 97 தாய்மார்கள் உயிரிழந்த நிலையில், கேரளத்தில் அந்த எண்ணிக்கை 19. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, அம்மாநிலத்தில் 99.8 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடைபெறுகின்றன. உயிர் பிழைத்த தாய் எவ்வாறு பழைய நிலைக்குத் திரும்புகிறார் என்பதைக் கூறும் எண் எதுவும் இந்தப் பட்டியல்களில் இல்லை. அது அவருடைய குடும்பத்தின் வசதியையும் தொழிலையும் பொறுத்து மாறுகிறது. விழிஞ்ஞம் போன்ற கடற்கரையில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம்.

துறைமுகத்தின் மறுபக்கம்

திருவனந்தபுரம் நகரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தெற்கே அமைந்துள்ள விழிஞ்ஞம், 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட சர்வதேசச் சரக்குப் பெட்டகத் துறைமுகத்தால் இன்று நாடெங்கும் அறியப்படுகிறது. அதற்கு அருகிலேயே பழைய மீன்பிடித் துறைமுகமும், லத்தீன் கத்தோலிக்க, இஸ்லாமிய மீனவக் குடும்பங்கள் நெருங்கி வாழும் தெருக்களும் உள்ளன. 2010-இல் விழிஞ்ஞம் ஊராட்சி திருவனந்தபுரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டதால், அரசு ஏடுகளில் இது நகர்ப்புறம். சமுதாய சுகாதார நிலையம் ஊரிலேயே இருக்கிறது. சிக்கலான பிரசவங்கள் நெய்யாற்றின்கரைக்கோ, நகரில் உள்ள தைக்காடு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனைக்கோ, மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனைக்கோ செல்கின்றன.

தென் கேரளக் கடற்கரையிலும், அதன் தொடர்ச்சியான கன்னியாகுமரி மாவட்டக் கரையிலும் பிடிப்பது ஆண்கள், விற்பது பெண்கள் என்பதே நீண்டகால வழக்கம். கரையில் ஏலம் எடுத்த மீனை அலுமினியப் பாத்திரத்தில் நிரப்பித் தலையில் சுமந்து, சந்தைக்கும் தெருக்களுக்கும் கொண்டுசெல்வது பெண்களின் அன்றாடப் பணி. மீன் வாடையைக் காரணம் காட்டிப் பேருந்தில் ஏற்ற மறுக்கும் நிலை இருந்ததால்தான், இவர்களுக்கென ‘சமுத்ரா’ என்ற இலவசப் பேருந்துச் சேவையைக் கேரள அரசு 2021-இல் தொடங்கியது. விழிஞ்ஞத்தில் மீன்பிடி உச்சம் பெறுவது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில். இயற்கையாக அமைந்த வளைகுடா தரும் பாதுகாப்பால், சுற்றியுள்ள கிராமங்களின் படகுகளும் அப்போது இங்கே வந்து சேர்கின்றன. வைகாசி, ஆனி மாதங்களில் குழந்தை பெற்ற மீன் வியாபாரிப் பெண்ணுக்கு, ஓய்வு மிகவும் தேவைப்படும் வாரங்களும் வருமானம் மிகுந்த வாரங்களும் ஒன்றாகவே வருகின்றன.

இந்தப் பெண்களுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு இல்லை.

உடலுக்குள் நடப்பது என்ன?

பிரசவம் முடிந்தவுடன் சுமார் ஒரு கிலோ எடையுள்ள கருப்பை, ஆறு வாரங்களில் 100 கிராமுக்கும் குறைவாகச் சுருங்குகிறது. குழந்தை பால் குடிக்கும்போது அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கும் வலி ஏற்படுவது இந்தச் சுருக்கத்தால்தான், அது இயல்பானது. முதல் சில நாள்கள் சிவப்பாக வெளியேறும் உதிரம் படிப்படியாகப் பழுப்பு நிறமாகி, பின்னர் வெளுத்து, நான்கு முதல் ஆறு வாரங்களில் நின்றுவிடும். வெளுத்த பிறகு மீண்டும் சிவப்பாகப் போக்கு அதிகரித்தால், தாய் அளவுக்கு மீறி உழைக்கிறார் என்பதை அது காட்டலாம். கருப்பையில் நஞ்சுக்கொடியின் துண்டு தங்கியிருக்கவும் வாய்ப்புண்டு.

கருப்பை தன் வேலையை ஓரளவு தானே முடித்துக்கொள்கிறது. அதைத் தாங்கும் தசைகளின் நிலை வேறு. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகள் பிரசவத்தின்போது பெரிதும் விரிந்து தளர்கின்றன. இருமினாலோ தும்மினாலோ சிறுநீர் கசியும் தொல்லை, பிரசவத்துக்குப் பிந்தைய முதல் மூன்று மாதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண்ணுக்கு ஏற்படுவதாக ஆய்வுகள் கூறுகின்றன. வயிற்றின் நடுவே இரு தசைப்பட்டைகள் விலகி நிற்பதும் பரவலானது. இவை சீராகப் பல மாதங்கள் ஆகும். அந்தக் காலத்தில் கனமான சுமையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் வயிற்றுக்குள் ஏறும் அழுத்தம் நேராகக் கீழ்நோக்கி இறங்குகிறது. தலையில் பாத்திரம், இடுப்பில் குழந்தை, மணிக்கணக்கில் நடை என்ற வாழ்க்கை முறையில் பின்னாளில் கருப்பை இறக்கம் ஏற்படும் அபாயம் கூடுவது இதனால்தான். வெட்கத்தால் பெண்கள் இதை ஆண்டுக்கணக்கில் வெளியே சொல்வதில்லை. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948-இல் விளக்கிய, சிறுநீரை அடக்குவது போன்று தசைகளை இறுக்கித் தளர்த்தும் எளிய பயிற்சி இதற்கு உதவுகிறது. அதைக் கற்றுத்தர ஐந்து நிமிடங்கள் போதும். ஆனால் வீட்டுக்கு அனுப்பும் நாளில் அந்த ஐந்து நிமிடங்கள் எல்லாத் தாய்மார்களுக்கும் கிடைப்பதில்லை.

அறுவைசிகிச்சைப் பிரசவம் என்றால் கணக்கு இன்னும் நீள்கிறது. கேரளத்தில் 38.9 சதவீதப் பிரசவங்களும், தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்களும் அறுவைசிகிச்சை மூலம் நடைபெற்றதாக ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு பதிவு செய்துள்ளது. வெளித்தோலில் உள்ள தையல் ஓரிரு வாரங்களில் ஆறிவிடுகிறது. உள்ளே உள்ள வயிற்றுச்சுவர், ஆறு வாரங்கள் கடந்த நிலையிலும் தன் பழைய வலிமையில் ஏறத்தாழ பாதியையே பெற்றிருக்கும். ‘குழந்தையை விடக் கனமான எதையும் தூக்க வேண்டாம்’ என்று மருத்துவர்கள் கூறுவதன் காரணம் இதுவே.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகளும் உள்ளன. பிரசவத்துக்குப் பின் ரத்த அழுத்தம் உச்சத்தை எட்டுவது பெரும்பாலும் மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரையில். சுகப்பிரசவமான பல தாய்மார்கள் அதற்குள் வீடு திரும்பிவிடுகின்றனர். கால் நரம்புகளில் ரத்தம் உறையும் அபாயம் ஆறு வாரங்கள் வரை கணிசமாகவும், 12 வாரங்கள் வரை ஓரளவும் நீடிக்கிறது. ரத்தசோகையைச் சரிசெய்யப் பிரசவத்துக்குப் பின் 180 நாள்கள் இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்ள வேண்டும் என்பது தேசிய நெறிமுறை. ஆக, மாத்திரைக்கு ஆறு மாதமும், தாயைப் பார்ப்பதற்கு ஆறு வாரமும் ஒதுக்கப்பட்டுள்ளன.

பாட்டிமார் அறிந்ததும், திருத்த வேண்டியதும்

நவீன மருத்துவம் இடைவெளி விட்ட இடத்தை மரபு நிரப்பிவருகிறது. கேரளத்தில் ‘பிரசவரக்ஷை’ எனப்படும் பேறுகாலப் பராமரிப்பில், தன்வந்தரம் தைலம் தேய்த்து, மூலிகை இலைகள் இட்டுக் காய்ச்சிய வெந்நீரில் ‘வேதுகுளி’ செய்விப்பதும், வெந்தயக் கஞ்சி, உள்ளி லேகியம், தசமூலாரிஷ்டம் போன்றவற்றைக் கொடுப்பதும் அடங்கும். தமிழ்நாட்டின் பிரசவ லேகியம், பூண்டுக் குழம்பு, வயிற்றுக் கட்டு, பத்தியம் ஆகியவற்றின் உறவினர்கள் இவை. பிரசவித்த பெண் விதிகளுக்கு உட்பட்டிருக்க வேண்டிய காலமாக ‘அஷ்டாங்க ஹிருதயம்’ ஒன்றரை மாதத்தைக் குறிக்கிறது. இன்றைய 42 நாள் கணக்குடன் அது ஏறக்குறைய ஒத்துப்போவது கவனிக்கத்தக்கது. குடும்ப வழக்கத்தில் அது 90 நாள்கள் வரை நீள்வதும் உண்டு.

இந்த மரபின் மிகச் சிறந்த மருந்து லேகியம் அன்று. வேறொருவர் சமைத்து, துவைத்து, குழந்தையை ஏந்திக்கொள்ள, தாய் படுத்திருக்கலாம் என்ற அனுமதியே. வேலை செய்யாமல் இருப்பதற்கு அவர் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த அனுமதிக்கு ஒரு விலை உண்டு. தாய்வீடு அதைச் செலுத்துகிறது. நகரில் பிரசவப் பராமரிப்பு இன்று 14 நாள், 28 நாள் தொகுப்புகளாக விற்பனைக்கு வந்துவிட்டது. விழிஞ்ஞத்தை ஒட்டிய கோவளத்தின் ஆயுர்வேத மையங்களுக்கு வெளிநாட்டினர் ஓய்வு நாடி வருகின்றனர். அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள மீனவத் தெருவில், பாட்டியும் மீன் விற்கச் செல்பவராக இருந்தால், பேத்தியை ஈன்ற மகளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பவர் யார் என்பதே கேள்வி.

வழக்கங்கள் அனைத்தும் பாதுகாப்பானவை அல்ல. கொதிக்கும் வெந்நீரை ஆறாத தையல் மீது ஊற்றுவதும், வயிற்றை மூச்சு முட்ட இறுக்கிக் கட்டுவதும் தீங்கு விளைவிக்கும். மேலே இறுகும் கட்டு, தளர்ந்த அடித்தசைகள் மீது அழுத்தத்தைத் தள்ளுகிறது. வயிறு பெருத்துவிடும் என அஞ்சித் தண்ணீரைக் குறைப்பதால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வருகின்றன. நாள் முழுவதும் கட்டிலிலேயே கிடப்பது ரத்தம் உறைய வழிவகுக்கும் என்பதால், ஓய்வு என்பது வீட்டுக்குள் சிறு நடையையும் உள்ளடக்கியதாக இருக்க வேண்டும். அரிஷ்டங்களில் புளிப்பின் போது இயல்பாகவே சாராயச் சத்து உருவாகிறது என்பதைப் பாலூட்டும் தாய்மார்கள் அறிந்திருப்பது நல்லது.

கடற்கரைக்கே உரிய உணவு ஒன்றும் உண்டு. பால் சுரக்கும் என்ற நம்பிக்கையில் தாய்மார்களுக்குச் சுறாப் புட்டு கொடுப்பது தமிழக, கேரளக் கரைகளில் பழைய வழக்கம். ‘பால்சுறா’ என்ற மீனுக்கு ஆங்கிலத்திலும் அதே பொருள்படும் பெயர் வந்ததே இந்திய மக்களின் இந்த நம்பிக்கையால்தான். பால் சுரப்பைக் கூட்டுவது முதன்மையாகக் குழந்தை அடிக்கடி சப்பிக் குடிப்பதே என மருத்துவம் கூறுகிறது. பெரிய சுறாக்களின் உடலில் பாதரசம் சேர்வதால், பாலூட்டும் தாய்மார்கள் சுறாவைத் தவிர்க்குமாறு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. அதே அமைப்பு சிறந்த தேர்வுகளாகப் பட்டியலிடும் மீன்களில் சாளையும் நெத்திலியும் உள்ளன. விழிஞ்ஞத்தில் கரையேறும் மீன்களில் இவ்விரண்டும் முக்கியமானவை, விலையும் குறைவு. பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் தாய்க்கு நாள்தோறும் கூடுதலாக 600 கிலோகலோரி தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. பத்தியத்தின் பெயரால் மீனையும் காய்கறியையும் விலக்குவது இந்தத் தேவைக்கு எதிரானது.

அழுகை எப்போது நோயாகிறது?

பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் காரணமின்றி அழுகை வருவதும், எரிச்சலும் பதற்றமும் தோன்றுவதும் பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு நேர்கின்றன. ஹார்மோன்களின் திடீர் வீழ்ச்சியும் தூக்கமின்மையும் இதற்குக் காரணம். இரண்டு வாரங்களுக்குள் இது தானாகவே விலகிவிடும். விலகாமல் நீடித்தால், குழந்தையைப் பார்க்கும்போது எவ்வித உணர்வும் எழாமல் போனால், குழந்தை உறங்கும்போதும் தாய்க்கு உறக்கம் வராவிட்டால், ‘நான் தகுதியற்றவள்’ என்ற எண்ணம் மீண்டும் மீண்டும் வந்தால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கக்கூடும். இந்தியாவில் 38 ஆய்வுகளைச் சேர்ந்த 20,043 பெண்களின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் உலக சுகாதார அமைப்பின் இதழில் வெளியான கட்டுரை, 22 சதவீதம் பேருக்கு இந்நிலை இருந்ததாக மதிப்பிட்டது. அதாவது, ஐந்தில் ஒருவருக்கும் சற்று அதிகம்.

இதன் வேர்கள் ஹார்மோனில் மட்டும் இல்லை. தமிழ்நாட்டின் கிராமப் பகுதி ஒன்றில் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஆய்வில், பிரசவித்த பெண்களில் 11 சதவீதம் பேருக்குப் புதிதாக மனச்சோர்வு ஏற்பட்டிருந்தது. குறைந்த வருமானம், மகனை எதிர்பார்த்த வீட்டில் மகள் பிறந்தது, மாமியாருடனும் பெற்றோருடனும் உறவுச் சிக்கல், கர்ப்பகாலத்தில் நேர்ந்த துயர நிகழ்வுகள், வீட்டு வேலையில் கைகொடுக்க ஆளின்மை ஆகியவை அதனுடன் தொடர்புடையவையாகக் கண்டறியப்பட்டன. கடைசிக் காரணம் கவனத்துக்குரியது. வெந்நீர் வைத்துக் கொடுக்க ஒருவர் இருப்பது உடலுக்கு மட்டுமன்றி மனத்துக்கும் மருந்து என்பதை அது உணர்த்துகிறது.

கணவர் கடலில் இருக்கும் இரவுகளில் வானிலை எச்சரிக்கையையும் குழந்தையின் அழுகையையும் ஒருசேரக் கேட்கும் பெண்ணின் நிலை, இந்தப் பட்டியல்களில் தனியாக இடம்பெறவில்லை. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயலில் கடலுக்குச் சென்றவர்கள் பலர் திரும்பாத கரை இது. அந்த அச்சத்தை இங்கே யாரும் நோய் என்று அழைப்பதில்லை, அழைக்கவும் தேவையில்லை. ஆனால் அதன் மீது மனச்சோர்வு வந்து படியும்போது, ‘கடற்கரைப் பெண்ணுக்கு இது வழக்கம்தானே’ என்று கடந்துவிடுவது எளிதாகிறது.

பேறுகால இறப்புகளை 2004 முதல் ரகசியத்தன்மை காத்து ஆராய்ந்துவரும் கேரள மகப்பேறு மருத்துவர்கள் கூட்டமைப்பின் ஆய்வுகளில், ரத்தப்போக்கு போன்ற பழைய காரணங்களுடன் தற்கொலையும் குறிப்பிடத்தக்க காரணமாக வெளிப்பட்டுள்ளது. உடலைக் காப்பதில் வென்ற மாநிலம், அந்த வெற்றியாலேயே, அடுத்துக் காக்க வேண்டியதைக் காண்கிறது. கர்ப்பிணிகள், பிரசவித்த தாய்மார்களின் மனநலத்தைப் பரிசோதிக்க ‘அம்ம மனசு’ என்ற திட்டத்தை மாநில சுகாதாரத் துறை நடைமுறைப்படுத்திவருவது இதன் விளைவே.

பரிசோதனைக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. 1987-இல் ஸ்காட்லாந்தில் உருவாக்கப்பட்ட எடின்பரோ வினாப்பட்டியலில் பத்துக் கேள்விகளே உள்ளன. அதன் தமிழ் வடிவமும் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டுள்ளது. தைராய்டு சுரப்பிக் கோளாறும் இதே அறிகுறிகளைக் காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் அவசியம். ஆலோசனையால் பலர் குணமடைகின்றனர். தேவைப்படுவோருக்குப் பாலூட்டும்போதும் உட்கொள்ளக்கூடிய மருந்துகள் உள்ளன. தாயையும் சேயையும் பிரிக்காமல் உள்நோயாளிகளாகச் சேர்க்கும் பிரிவு பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் 2009 முதல் செயல்படுகிறது. ஆயிரத்தில் ஒன்றிரண்டு தாய்மார்களுக்கு மட்டுமே வரும் மனப்பிறழ்வு நிலை வேறு வகை: உறக்கமே இல்லாமை, இல்லாத குரல்கள் கேட்பது, குழந்தை குறித்த விபரீத எண்ணங்கள் ஆகியவை தோன்றினால் அது மந்திரவாதிக்கான வேளை அன்று, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அவசரநிலை.

யாருக்கு எத்தனை வாரம்?

2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், ஊதியத்துடன் கூடிய விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. பதிவேட்டில் பெயர் உள்ள ஊழியர்களுக்கே அது பயன்படும். ஏலத்தில் மீன் எடுத்து விற்கும் பெண்ணுக்கு முதலாளியும் இல்லை, வருகைப் பதிவேடும் இல்லை. அவருக்கு உள்ளது பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டம்: முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய், இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் 6,000 ரூபாய். ஜனனி சுரக்ஷா திட்டத்தின் கீழ் கேரளம் போன்ற மாநிலங்களில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள தாய்க்குக் கிராமப்புறத்தில் 700 ரூபாய், நகர்ப்புறத்தில் 600 ரூபாய். மாநகராட்சியுடன் இணைந்ததால் விழிஞ்ஞம் இரண்டாவது வரிசையில் வருகிறது. இந்தத் தொகைகளை 26 வார ஊதியத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கக் கணிப்பான் தேவைப்படாது.

தாயைத் தேடி வீட்டுக்கு வரும் ஆஷா பணியாளரின் நிலையும் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. 7,000 ரூபாய் மாத மதிப்பூதியத்தை உயர்த்தக் கோரி, திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் அவர்கள் 2025 பிப்ரவரி 10 அன்று தொடங்கிய போராட்டம் பல மாதங்கள் நீடித்தது. குழந்தையின் எடையுடன் தாயின் ரத்த அழுத்தத்தையும் மனநிலையையும் கேட்டறியும் கூடுதல் பொறுப்பை யார் சுமப்பது என்ற கேள்வி, அந்தப் போராட்டத்திலிருந்து பிரிக்க முடியாதது.

தாய்க்கென்றே குறைந்தபட்ச வரையறையை உலக சுகாதார அமைப்பு 2022 மார்ச்சில் வெளியிட்டது. பிரசவத்துக்குப் பின் 24 மணி நேரமாவது மருத்துவமனையில் தங்குதல். பின்னர் 48 முதல் 72 மணி நேரத்துக்குள், 7 முதல் 14 நாள்களுக்குள், ஆறாவது வாரத்தில் என மூன்று சந்திப்புகள். மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்கான பரிசோதனை. ஆஷா வருகைக்கான 3, 7, 14, 42-ஆம் நாள்கள் ஏறத்தாழ இதே தேதிகளில் அமைகின்றன. புதிய வருகை எதுவும் தேவையில்லை. ஏற்கெனவே நடக்கும் வருகையில் தாயிடமும் சில கேள்விகள் கேட்கப்பட்டால் போதும். உதிரப்போக்கு எப்படி உள்ளது, சிறுநீர் கசிகிறதா, நேற்றிரவு எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள், எப்போது வேலைக்குத் திரும்ப வேண்டியுள்ளது?

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்: ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுவதும் நனையும் அளவுக்கு உதிரப்போக்கு, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, கடுமையான தலைவலியுடன் பார்வை மங்குதல், வலிப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, தன்னையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம்.

அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணை அழைக்கலாம். மனநல உதவிக்கு மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தொடர்புகொள்ளலாம். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம், கட்டணம் இல்லை. கேரளத்தில் வசிப்போர் ‘திசா’ உதவி மையத்தை 1056 என்ற எண்ணில் அழைக்கலாம்.